கல்மேல் எழுத்தும் நீர்மேல் எழுத்தும்: காந்த மென்படலங்களும் தரவுச் சேமிப்பும்

1. தோற்றுவாய்

எழுத்தின் வரலாற்றை நோக்குவோமாயின், அஃது எழுதப்படும் பொருளோடு மனிதன் இடையறாது நடத்திவந்த ஒரு பேரத்தின் வரலாறாகவும் அமைவதைக் காணலாம். கல்லில் வெட்டிய எழுத்து நூற்றாண்டுகள் நிலைக்கும். ஆனால் அதனை வெட்டுவது அரிது, திருத்துவது அதனினும் அரிது. பனையோலை எழுத்தாணிக்கு இலகுவில் இணங்கும். ஆனால் எமது காலநிலையில் ஈரமும் பூச்சியும் அதனை விட்டுவைப்பதில்லை. எனவே ஏட்டினைக் காத்தவர்கள் அதனைப் பூட்டிவைத்தவர்கள் மட்டுமல்லர். பழையது சிதையுமுன் புதியதிற் பெயர்த்தெழுதியவர்களும் ஆவர். எழுதுவதற்கு எளிய பொருள் அழிவதற்கும் எளியது. இவ்வுண்மையையே எமது வழக்கு 'கல்மேல் எழுத்து', 'நீர்மேல் எழுத்து' என்னும் இரு தொடர்களால் உணர்த்துகின்றது.

இன்று மனிதகுலம் தான் நினைவில் வைத்திருக்க விரும்புவனவற்றுட் பெரும்பகுதியைக் கணனிகளின் வன்தட்டுகளில் எழுதிவைக்கின்றது. கைக்கணனிகளிலும் தொலைபேசிகளிலும் குறைகடத்தி நினைவகங்கள் இடம்பிடித்துவிட்டன என்பது உண்மையே. ஆயினும் பெருந்தரவு நிலையங்களிலே குவிந்து கிடக்கும் தரவுகளிற் பெரும்பாலானவை இன்றும் சுழலும் தட்டுகளின் மேலுள்ள காந்தப் படலங்களிலேயே தங்கியிருக்கின்றன. அப்படலத்தின் தடிப்பு மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவானது. அத்தகைய படலம் எவ்வாறு நினைவு கொள்கின்றது? எவ்வளவு காலத்துக்கு நினைவு கொள்ளும்? அதனை ஆக்குவதிலுள்ள இடர்ப்பாடுகள் யாவை? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். கல்லின் உறுதியும் ஓலையின் இணக்கமும் ஒரே பொருளில் வேண்டும் என்னும் பழைய முரண்பாடே இங்கு அணுக்களின் அளவிலே மீண்டும் தோன்றுகின்றது என்பதை வாசகர் படிப்படியாக உணர்வர்.

2. காந்தம் நினைவாதல்

இரும்பு, கோபாற்று, நிக்கல் ஆகிய உலோகங்களிலும் அவற்றின் பல கலப்புலோகங்களிலும் அயலணுக்களின் இலத்திரன்களுக்கிடையே நிகழும் ஒருவகை இடைத்தாக்கம் அவ்வணுக்களின் காந்தத் திருப்பங்களை ஒரே திசையில் நிற்குமாறு கட்டாயப்படுத்துகின்றது. இதனைப் பரிமாற்ற இடைத்தாக்கம் என்பர். இவ்வாறு ஒருமித்து நிற்கும் அணுக்கூட்டம் வெளிக்காந்தப் புலம் ஒன்றினால் ஒரு திசைக்குத் திருப்பப்பட்டால், புலம் நீங்கிய பின்னரும் அத்திசையிலேயே நிற்க வல்லது. இப்பண்பே காந்தப் பின்னிடைவு எனப்படுகின்றது. காந்த நினைவு யாவற்றுக்கும் இதுவே அடிப்படையாகும்.

கூட்டம் ஒருமித்து நிற்பது மட்டும் போதாது. அது குறித்த ஓர் அச்சினைப் பற்றியும் நிற்க வேண்டும். பளிங்குகளில் இது இயல்பாகவே நிகழ்கின்றது. உதாரணமாக, கோபாற்றின் அணுக்கள் அறுகோண வடிவில் அடுக்கப்பட்டுள்ளன. அவ்வறுகோணத் தூணின் நெடுக்கச்சின் வழியே காந்தம் மேலாகவோ கீழாகவோ நிற்க விரும்பும். குறுக்கே நிற்க விரும்பாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்ப வேண்டுமாயின் இடையிலுள்ள குறுக்குநிலையைக் கடந்தாக வேண்டும். அதற்கெனச் செலவிட வேண்டிய சக்தியே இரு நிலைகளுக்குமிடையே ஒரு மேட்டினைப்போல் அமைகின்றது. பதார்த்தத்தின் இக்குணத்தை நாம் இக்கட்டுரையில் 'திசைப்பற்று' எனக் குறிப்பிடுவோம். மேட்டின் ஒருபுறம் பூச்சியம், மறுபுறம் ஒன்று எனக் கொண்டால், இரும எண்ணொன்றை எழுதுவதற்குரிய இடம் கிடைத்துவிடுகின்றது.

இவ்வுண்மையை முதன்முதலிற் செயற்படுத்திக் காட்டியவர் தென்மார்க்கைச் சேர்ந்த வல்டெமார் போல்சன் ஆவார். 1898ஆம் ஆண்டில் அவர் உருக்குக் கம்பியொன்றிலே குரலைக் காந்தமாகப் பதிவு செய்தார். 1900ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஒசுத்திரியப் பேரரசர் பிரான்சு யோசேப்பின் குரல் அவரது கருவியில் பதிவாயிற்று. அப்பதிவு இன்றும் பேணப்பட்டுவருகின்றது. அதிலிருந்து பேரரசரின் குரலைக் கேட்கவும் முடிகின்றது. ஒரு நூற்றாண்டைக் கடந்து உருக்கு நினைவு கொண்டிருப்பதைக் காணும்போது, காந்த நினைவு என்பது கல்லெழுத்தைப் போன்றதே என எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் அக்கம்பிக்குப் பொருந்தும். இன்றைய மென்படலத்துக்கு அஃது அவ்வாறே பொருந்துமா என்பது வேறு வினாவாகும்.

3. பூச்சிலிருந்து படலத்துக்கு

கணனிக்கெனச் சந்தைக்கு வந்த முதலாவது வன்தட்டுக் கருவியை 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே தண்டிற் சுழன்ற அப்பொறியின் நிறை ஒரு தொன்னுக்கு அதிகமாயிருந்தது. ஆயினும் அது கொள்ளக்கூடியதாயிருந்தவை 50 இலட்சம் எழுத்துருக்களே. ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 2,000 பிற்றுகள் அதில் எழுதப்பட்டன. இன்றைய தட்டுகளில் அதே பரப்பில் ஓர் இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட பிற்றுகள் எழுதப்படுகின்றன. அதாவது பரப்படர்த்தி 50 கோடி மடங்கு பெருகியுள்ளது. மனிதர் ஆக்கிய வேறெந்தப் பொருளிலேனும் இத்தகைய பெருக்கத்தைக் காண்டல் அரிது.

ஆரம்பகாலத் தட்டுகளிலே காந்தப் பதார்த்தம் ஒரு வர்ணப்பூச்சாகவே இடப்பட்டது. ஊசி வடிவிலான இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகளைப் பிசினிற் கலந்து, சுழலும் தட்டின் நடுப்பகுதிக்கு அருகில் ஊற்றினால், மையநீக்க விசையினால் அது வெளிப்புறமாகப் பரவிப் பூச்சாக உறையும். அப்பூச்சிற் பெரும்பகுதி பிசினே. காந்தத் துணிக்கைகளோ சிதறிக் கிடந்தன. பிற்றின் நீளத்தைக் குறைக்க வேண்டுமாயின் பூச்சின் தடிப்பையும் குறைத்தாக வேண்டும். தடிப்பைக் குறைத்தாலோ, பெரும்பாலும் பிசினாலாய அப்பூச்சிலிருந்து எழும் காந்தச் சமிக்ஞை வாசிக்க முடியாத அளவுக்கு நலிந்துவிடும். எனவே பிசினை நீக்கி முழுவதும் உலோகமாகவே அமைந்த ஒரு படலம் தேவைப்பட்டது.

அத்தகைய படலங்களைத் தொடக்கத்தில் இரசாயன முறையிற் பூசினர். எனினும் 1980களில் நிலைபெற்ற முறை வெற்றிடத்திலே தெறித்துப் படியச் செய்யும் முறையாகும். மின்னிறக்கக் குழாய்களில் உலோகம் தெறித்துப் படிவதை வில்லியம் குறோவ் என்னும் அறிஞர் 1852ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். காற்று நீக்கப்பட்ட அறையொன்றிற் சிறிதளவு ஆகன் வாயுவைச் செலுத்தி மின்னழுத்தம் கொடுப்பின், ஆகன் அயன்கள் உலோக இலக்கு ஒன்றின்மீது மோதி அதன் அணுக்களை வெளியே தள்ளுகின்றன. அவ்வணுக்கள் எதிரேயுள்ள தட்டின்மேற் சென்று படிகின்றன. நவீன ஆலையொன்றிலே தட்டு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நகர்கின்றது. ஒவ்வோர் அறையிலும் சில செக்கன்கள் மட்டுமே தங்குகின்றது. இவ்வாறு அறைதோறும் ஒவ்வொரு படையாக ஏற்றிக்கொண்டு, வெற்றிடம் முறியாமலே முழுமையான தட்டாக அது வெளிவருகின்றது.

அக்காலத் தட்டின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். அடியில் அலுமினியமும் மகனீசியமும் கலந்த தட்டு உள்ளது. அது மென்மையானது ஆதலின், அதன்மேல் நிக்கலும் பொசுபரசும் சேர்ந்த கடினமான பூச்சு இடப்பட்டு மெருகேற்றப்படுகின்றது. அதற்கு மேலே குரோமியப் படை. அதற்கு மேலேதான் கோபாற்றுக் கலப்புலோகமாகிய காந்தப் படலம். அதனைக் காக்கக் கடினமான காபன் போர்வை. போர்வையின் மேல் ஒரு மூலக்கூற்றளவு தடிப்பேயுள்ள உராய்வுநீக்கி.

இங்கு குரோமியப் படையின் பணி கூர்ந்து நோக்கத்தக்கது. அது காந்தமன்று, எதனையும் நினைவு கொள்வதுமில்லை. ஆயினும் அதன் அணுக்களிடையேயுள்ள இடைவெளி கோபாற்றின் பளிங்கமைப்போடு பொருந்துவதால், அதன்மேற் படியும் கோபாற்று மணிகளின் நெடுக்கச்சுகள் தட்டின் தளத்தோடு கிடையாகப் படுத்துவிடுகின்றன. குரோமிய அடிப்படை கோபாற்றுப் படலத்தின் காந்த உறுதியைப் பெருக்கும் என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் 1967ஆம் ஆண்டிலே வெளியிட்டிருந்தனர். மென்படலப் பொறியியலின் முதற்பாடம் இதுவெனலாம்: படலமொன்றின் குணத்தை அதன் பதார்த்தம் மட்டும் நிர்ணயிப்பதில்லை, அதனைத் தாங்கும் அடிப்படையும் நிர்ணயிக்கின்றது.

4. முரண்பட்ட மூன்று வேண்டல்கள்

காந்தப் படலம் ஒரே பளிங்காக அமைவதில்லை. கோடிக்கணக்கான நுண்ணிய பளிங்கு மணிகள் நெருங்கி நின்று அதனை ஆக்குகின்றன. ஒரு பிற்று ஒரே மணியில் எழுதப்படுவதுமில்லை; பல மணிகள் சேர்ந்தே ஒரு பிற்றினைத் தாங்குகின்றன. இதனால் விளையும் மூன்று வேண்டல்களை இனி நோக்குவோம்.

முதலாவது வேண்டல் தெளிவு பற்றியது. ஒரு பிற்று முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை மணிகளின் விளிம்புகளை ஒட்டியே செல்ல வேண்டும். பெருங்கற்களால் எல்லை கட்டினால் அது கோணல்மாணலாகவே அமையும். சிறுகற்களாற் கட்டினால் நேராக அமையும். கோணலான எல்லை வாசிப்புமுனையில் இரைச்சலாக வெளிப்படும். எனவே பிற்று சிறுக்கும்போது மணிகளும் சிறுத்தல் வேண்டும். அதுமட்டுமன்று, ஒரு மணி தன் அயல் மணியைப் பரிமாற்ற இடைத்தாக்கத்தால் தன்பக்கம் இழுத்துவிடாதபடி, மணிகளுக்கிடையே காந்தமற்ற ஒரு சுவரும் வேண்டும். கோபாற்றோடு கலந்த குரோமியம், படலம் சூடான நிலையிற் படியும்போது மணிகளின் விளிம்புகளுக்கு ஒதுங்கி இச்சுவரை அமைக்கின்றது. போரன், தந்தாலம் முதலியன சேர்க்கப்பட்டதும் இவ்வொதுக்கத்தை ஊக்குவித்தற் பொருட்டேயாம்.

இரண்டாவது வேண்டல் உறுதி பற்றியது. சாதாரண அறை வெப்பநிலையிலும் அணுக்கள் ஓய்ந்திருப்பதில்லை. அவ்வெப்பக் கிளர்ச்சி மணியின் காந்தத்தைச் சக்தி மேட்டின் மறுபுறத்துக்குத் தள்ள ஓயாது முயல்கின்றது. மேட்டின் உயரம் மணியின் கனவளவையும் பதார்த்தத்தின் திசைப்பற்றையும் பெருக்கிவரும் தொகையாகும். அதனை வெப்பக் கிளர்ச்சியின் சக்தியால் வகுத்துவரும் எண்ணை 'உறுதி விகிதம்' என்போம். லூயி நீல் என்னும் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் 1949ஆம் ஆண்டில் இதற்கான கொள்கையை வகுத்தார். மணியின் திசை புரளாது நிற்கும் சராசரிக் காலம் இவ்விகிதத்தோடு சாதாரண வீதத்தில் மாறுவதில்லை; அடுக்குக்குறி வேகத்தில் மாறுகின்றது.

இதன் கடுமையைச் சில எண்களாற் காட்டுவோம். வெப்பக் கிளர்ச்சி மணியைப் புரட்ட ஒரு செக்கனில் 100 கோடி முறை முயல்வதாகக் கொள்வோம். உறுதி விகிதம் 60 ஆயின் மணி தன் திசையை ஏறத்தாழ 360 கோடி ஆண்டுகள் காக்கும். விகிதம் 40 ஆகக் குறைந்தால் ஏழரை ஆண்டுகளே காக்கும். 25 ஆகக் குறைந்தாலோ, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே காக்கும். கல்லெழுத்துக்கும் நீரெழுத்துக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவே.

மணியின் அளவிலே இது யாது பொருள் தரும்? 15 நனோமீற்றர் உயரமும் 8 நனோமீற்றர் விட்டமும் கொண்ட தூண் வடிவ மணியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் திசைப்பற்று ஒரு கன மீற்றருக்கு 4 இலட்சம் யூல் எனக் கொண்டால், அறை வெப்பநிலையில் அதன் உறுதி விகிதம் ஏறத்தாழ 73 ஆகும். விட்டத்தை 6 நனோமீற்றராகக் குறைத்தால் விகிதம் 41 ஆகிவிடும். 4.7 நனோமீற்றராகக் குறைத்தால் 25க்கு வந்துவிடும். எனவே விட்டத்தை அரைவாசியாகக் குறைப்பதற்கு முன்னரே, யுகக்கணக்கில் நிலைக்க வேண்டிய எழுத்து நிமிடக்கணக்கிற் கலைந்துவிடுகின்றது. நடைமுறையில் அயல் பிற்றுகளின் புலமும் கருவியின் சூடும் மேட்டினை மேலும் தாழ்த்துவதாலும், எல்லா மணிகளும் ஒரே அளவினவாக இல்லாமையாலும், பொறியியலாளர் 60ஐ அண்டிய விகிதத்தையே பாதுகாப்பான எல்லையாகக் கொள்கின்றனர். போல்சனின் கம்பி இன்றும் பேசுவதன் காரணம் இப்போது விளங்கும். அதில் ஒவ்வோர் ஒலியையும் தாங்கிய உருக்கின் கனவளவு இத்தகைய மணிகளின் கனவளவோடு ஒப்பிடவே முடியாத அளவு பெரிது.

மணி சிறுத்தாலும் உறுதி குன்றாதிருக்க ஒரு வழி உண்டு. திசைப்பற்று மிக்க பதார்த்தத்தைத் தெரிவு செய்யலாம். ஆனால் இங்கு மூன்றாவது வேண்டல் குறுக்கிடுகின்றது. அது எழுதும் ஆற்றல் பற்றியது. திசைப்பற்று மிகுந்தால் அம்மணியைத் திருப்ப வேண்டிய காந்தப் புலமும் மிகும். எழுதுமுனையோ இரும்பும் கோபாற்றும் சேர்ந்த கலப்புலோகத்தால் ஆனது. அக்கலப்புலோகத்தின் காந்தமாக்கம் 2.4 தெசுலா அளவில் நிரம்பிவிடுகின்றது. அதனினும் கூடிய காந்தமாக்கமுடைய, பயன்படுத்தத்தக்க பதார்த்தம் கிடைக்கவில்லை. எவ்வளவு மின்னோட்டம் செலுத்தினும் இயற்கை அவ்வெல்லையைத் தாண்ட விடுவதில்லை.

ஆகவே தெளிவுக்காக மணியைச் சிறுப்பித்தால் உறுதி கெடும். உறுதிக்காகத் திசைப்பற்றைப் பெருக்கினால் எழுத முடியாது. எழுதுவதற்காக மணியைப் பெருப்பித்துத் திசைப்பற்றைக் குறைத்தால் தெளிவு கெடும். மூன்றையும் ஒருங்கே பெறுதல் இயலாது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சராப்பும் அவரது சகாக்களும் இதனைக் கணித்துப் பார்த்து, அன்றைய முறையில் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 40 கிகாபிற்று என்பதே எல்லையாகும் என எதிர்வுகூறினர். அவ்வெல்லை பின்னர் தாண்டப்பட்டது. ஆனால் அவர்களது பௌதிகம் பிழைத்துவிடவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட படலம் மாற்றப்பட்டது. அது மாற்றப்பட்ட விதமே இனி நாம் கூறப்போவது.

5. கிடை நிலையிலிருந்து நிலைக்குத்து நிலைக்கு

முதலாவது மாற்றம் 2001ஆம் ஆண்டில் வந்தது. ஐ.பி.எம். ஆய்வாளர் காந்தப் படலத்தை இரண்டாகப் பிரித்து, இடையில் மூன்று அணுக்களின் தடிப்பேயுள்ள உருத்தேனியப் படையொன்றைச் செருகினர். உருத்தேனியம் காந்தமற்ற உலோகம். எனினும் அத்தடிப்பில் அது தன் இருபுறத்துக் காந்தப் படைகளையும் எதிரெதிர்த் திசைகளில் நிற்கச் செய்கின்றது. இதனால் வெளியே தோன்றும் காந்தம் மென்படலத்தின் காந்தமாகச் சுருங்குகின்றது. உறுதிக்கு வேண்டிய கனவளவோ குறைவதில்லை. இவ்வுத்தி தொழில் வட்டாரத்திலே 'தேவதைத் தூள்' என வேடிக்கையாக அழைக்கப்பட்டது. ஆயினும் அது கால அவகாசத்தையே தந்தது, தீர்வைத் தரவில்லை.

தீர்வுக்கான சிந்தனை அதற்கு மிக முன்னரே யப்பானிலே பிறந்திருந்தது. செண்டாய் நகரிலுள்ள தொகோக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுனிச்சி இவசாக்கி 1970களில் ஓர் அடிப்படை வினாவை எழுப்பினார். காந்தத்தை ஏன் கிடையாகப் படுக்கவைக்க வேண்டும்? கிடைநிலையில் ஒரு பிற்றின் வடமுனை அடுத்த பிற்றின் வடமுனையை எதிர்நோக்குகின்றது. அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. பிற்றுகள் குறுகக் குறுக இத்தள்ளுகை மிகுந்து எழுத்தையே குலைக்கின்றது. அதனைத் தணிக்கப் படலத்தை மெலிதாக்க வேண்டும். மெலிதாக்கினால் மணியின் கனவளவு குறையும். மாறாக, காந்தம் தளத்துக்கு நிலைக்குத்தாக நின்றால், மேல்நோக்கிய பிற்றும் கீழ்நோக்கிய பிற்றும் அருகருகே நிற்கும்போது ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அடர்த்தி கூடக் கூட நிலை உறுதிப்படுகின்றதேயன்றிக் குலைவதில்லை. இவ்வாதத்தை 1977ஆம் ஆண்டளவில் வெளியிட்ட இவசாக்கி குழுவினர், கோபாற்றுக் குரோமியப் படலங்களில் அதனைச் செய்தும் காட்டினர்.

ஆயினும் இக்கருத்து வன்தட்டாகச் சந்தைக்கு வர 28 ஆண்டுகள் சென்றன. கிடைமுறை ஆண்டுதோறும் முன்னேறிக்கொண்டிருந்ததால் அதனைக் கைவிட நிறுவனங்கள் முன்வரவில்லை. பல இடங்களில் இவ்வாய்வு கைவிடவும் பட்டது. கிடைமுறை தன் எல்லையை எய்திய பின்னரே, 2005ஆம் ஆண்டில் தொசிபா நிறுவனம் முதலாவது நிலைக்குத்து வன்தட்டை விற்பனைக்கு விட்டது. சில ஆண்டுகளுள் உலகின் வன்தட்டுகள் யாவும் அம்முறைக்கு மாறின. உடன்பயன் தராத ஆய்வொன்றைப் பல்கலைக்கழகமொன்று மூன்று தசாப்தங்களாகத் தாங்கி நிற்றல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலைக்குத்துப் படலத்தின் கட்டமைப்பு ஒரு மாடிக் கட்டடத்தை ஒத்தது. அடித்தளத்தில் இலகுவில் காந்தமாகும், பளிங்கமைப்பற்ற கலப்புலோகப் படையொன்று உள்ளது. அஃது எழுதுமுனையின் புலத்தை உள்வாங்கித் திருப்பியனுப்புவதால், காந்தப் படலம் எழுதுமுனையின் இடைவெளிக்குள்ளேயே புகுந்துவிட்டாற் போன்ற நிலை உண்டாகின்றது. எழுதும் புலம் வலுப்பெறுகின்றது. அதற்கு மேலே மீண்டும் உருத்தேனியம், ஆனால் இம்முறை வேறு பணிக்காக. கோபாற்றைப் போலவே உருத்தேனியமும் அறுகோண அமைப்புடையது. அதன் தூண்கள் நிமிர்ந்து வளர்ந்தால் அவற்றின்மேல் வளரும் கோபாற்றுத் தூண்களும் நிமிர்ந்தே வளரும்.

உருத்தேனியத்தை இரு கட்டங்களாகப் படியவிடுவர். முதலில் வாயுவின் அமுக்கத்தைக் குறைத்துப் படியவிட்டால் தூண்கள் ஒழுங்காக நிமிர்கின்றன. பின்னர் அமுக்கத்தைக் கூட்டிப் படியவிட்டால் ஒவ்வொரு தூணின் தலையும் குவிமாடம் போல் உருண்டு, தூண்களுக்கிடையே பள்ளங்கள் தோன்றுகின்றன. இதன்மேல் கோபாற்று, குரோமியம், பிளாற்றினம் ஆகியவற்றின் கலப்புலோகத்தோடு சிலிக்காவோ தைத்தேனியம் ஈரொட்சைட்டோ சேர்த்துத் தெறித்துப் படியவிட்டால், உலோகம் குவிமாடத்தின் உச்சியிற் குடிகொள்கின்றது. ஒட்சைட்டு பள்ளத்தில் ஒதுங்கிச் சுவராகின்றது. ஏறத்தாழ 8 நனோமீற்றர் மணி, அதனைச் சுற்றி ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் சுவர் என்னும் அமைப்பு இவ்வாறு உருவாகின்றது. எந்தக் கருவியும் இச்சுவரைச் செதுக்குவதில்லை. வாயுவின் அமுக்கமும் பதார்த்தங்களின் இணக்கமின்மையும் சரிவரத் தெரிவு செய்யப்படும்போது அது தானாகவே எழுகின்றது.

இங்கும் ஓர் உத்தி கையாளப்பட்டது. காந்தப் படலத்தை ஒரே பதார்த்தத்தால் ஆக்காது, அடியில் திசைப்பற்று மிக்க படையும் மேலே திசைப்பற்றுக் குறைந்த படையும் வைத்து, அவற்றை அளவாகப் பிணைத்தனர். எழுதும் புலம் முதலில் இணக்கமான மேற்படையைத் திருப்புகின்றது. அது தன்னோடு பிணைந்த பிடிவாதமான கீழ்ப்படையை இழுத்துத் திருப்புகின்றது. உறுதி ஒரு படையின் பொறுப்பு, எழுதத்தக்க இணக்கம் மற்றொரு படையின் பொறுப்பு. மூன்று வேண்டல்களையும் ஒரே பதார்த்தம் நிறைவேற்ற முடியாதெனில் அவற்றைப் படைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே வழி. கடந்த அரை நூற்றாண்டு மென்படலப் பொறியியலின் சாரம் இதுவேயெனலாம்.

6. கல்லை நீராக்கி எழுதுதல்

பங்கீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடிப் பிற்று என்னும் நிலையில் நிலைக்குத்துப் படலமும் தன் எல்லையை அணுகிற்று. இதனைக் கடக்க வேண்டுமாயின் 4 நனோமீற்றரை அண்டிய மணிகள் வேண்டும். அவ்வளவிலும் உறுதி குலையாத பதார்த்தம் வேண்டும். அத்தகைய பதார்த்தம் அறியப்பட்டதே. இரும்பும் பிளாற்றினமும் சம அளவிற் கலந்து, ஓர் அணுத்தளம் இரும்பு, அடுத்த தளம் பிளாற்றினம் என ஒழுங்காக அடுக்கப்பட்ட கலப்புலோகமே அது. அதன் திசைப்பற்று, மேலே எமது கணக்கில் எடுத்துக்கொண்ட பதார்த்தத்தினதைப்போல் பதினைந்து மடங்குக்கும் அதிகமாகும். ஆனால் அதனை அறை வெப்பநிலையில் முற்றாகத் திருப்ப 10 தெசுலாவையும் மிஞ்சும் புலம் தேவைப்படலாம். எந்த எழுதுமுனையாலும் அது முடியாது. கல் கிடைத்தது, உளி இல்லை.

இதற்குக் காணப்பட்ட தீர்வு வெப்பமாகும். எக்காந்தப் பதார்த்தமும் கியூரி வெப்பநிலை எனப்படும் எல்லையை எய்தும்போது தன் காந்த ஒழுங்கை இழந்துவிடும். அவ்வெல்லையை அணுகும்போது அதன் திசைப்பற்றும் தளர்ந்துவிடும். இரும்பு–பிளாற்றினத்துக்கு அவ்வெல்லை 450 பாகை செல்சியசினை அண்டியது. எழுத வேண்டிய புள்ளியை மட்டும் கணப்பொழுதுக்கு அவ்வளவு சூடாக்கி, சாதாரண எழுதுமுனையின் புலத்தை அளித்து, உடனே ஆறவிட்டால், ஆறும்போது மணி அப்புலத்தின் திசையிலே உறைந்துவிடும். கல் ஒரு கணம் நீராகி, எழுத்தை ஏற்று, மீண்டும் கல்லாகின்றது. இந்நிகழ்வு முழுவதும் ஏறத்தாழ ஒரு நனோசெக்கனுள் முடிந்துவிட வேண்டும்.

சொல்வதற்கு எளிதாயினும் இதனைச் செய்வதற்குப் படலத்தின் ஒவ்வொரு படையையும் மீளச் சிந்திக்க வேண்டியதாயிற்று. இரும்பும் பிளாற்றினமும் சாதாரண நிலையிற் படியும்போது ஒழுங்கின்றியே கலக்கின்றன. ஒழுங்கு பெற வேண்டுமாயின் 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் படிய வேண்டும். வழக்கமான அலுமினியத் தட்டு அதனைத் தாங்காது. எனவே வெப்பம் தாங்கும் கண்ணாடித் தட்டு தேவைப்படுகின்றது. உருத்தேனியத்தின் இடத்தில், மணிகளை நிமிர்ந்து வளரச் செய்ய மகனீசியம் ஒட்சைட்டு வருகின்றது. சுவருக்குக் காபன் முதலியன வருகின்றன. அடியிலே வெப்பத்தை விரைவாகக் கீழ்நோக்கி உறிஞ்சும் உலோகப் படையும் வேண்டும். இல்லையேல் வெப்பம் பக்கவாட்டிற் பரவி அயலெழுத்துக்களைக் கலைத்துவிடும். ஒளியை அதன் அலைநீளத்தின் அரைவாசியளவிலும் மிகச் சிறிய புள்ளியாக வில்லையினாற் குவிக்க முடியாதாகையால், எழுதுமுனையிலே நுண்ணிய உலோக உணரி ஒன்று அமைக்கப்பட்டு, அது லேசர் ஒளியைச் சில பத்து நனோமீற்றர் அகலத்துள் ஒடுக்குகின்றது. தட்டின் மேலிருந்து சில நனோமீற்றர் உயரத்திற் பறக்கும் அவ்வுணரி அவ்வெப்பத்தை ஆண்டுக்கணக்கிற் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதே இம்முறையின் மிகக் கடினமான நிபந்தனையாக இருந்தது.

2012ஆம் ஆண்டில் சீகேற் நிறுவனம் இம்முறையால் சதுர அங்குலத்துக்கு ஓர் இலட்சம் கோடிப் பிற்று என்னும் அடர்த்தியை ஆய்வுகூடத்தில் எய்தியதாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தட்டில் 3 தெராபைற்று கொள்ளும், மொத்தம் 30 தெராபைற்று அளவினதான வன்தட்டுக் கருவிகளை அது அறிவித்தது. ஆய்வுகூடத்துக்கும் ஆலைக்கும் இடையே இங்கும் ஒரு தசாப்தத்துக்கு மேல் சென்றமை குறிப்பிடத்தக்கது.

7. பதார்த்தங்களின் சமூகப் பின்னணி

படலத்தின் தடிப்பு மிகச் சிறிதேயாயினும் அதன் வேர் நிலத்தின் ஆழத்தில் உள்ளது. பிளாற்றினமும், அதனோடு உடன் விளைபொருளாகக் கிடைக்கும் உருத்தேனியமும் பெரும்பாலும் தென்னாபிரிக்காவின் சுரங்கங்களிலிருந்தே வருகின்றன. நிலைக்குத்து முறை பரவிய 2006, 2007ஆம் ஆண்டுகளில் உருத்தேனியத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அதே பிளாற்றின வலயத்தைச் சேர்ந்த மரிக்கானாவில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் 34 பேர் 2012ஆம் ஆண்டு ஆகத்து 16ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். பிளாற்றினத்தின் பெரும்பகுதி வாகனப் புகைக்குழாய்களின் ஊக்கிகளுக்கும் பிறவற்றுக்குமே செல்கின்றதாகையால், வன்தட்டுத் தொழிலோடு மட்டும் இந்நிகழ்வை இணைத்தல் நேர்மையாகாது. எனினும் உலகின் நினைவு யாருடைய உழைப்பின்மேல் எழுதப்படுகின்றது என்னும் வினாவைத் தவிர்த்துவிடவும் முடியாது.

உற்பத்தியும் மிகச் சிலரது கைகளுள் ஒடுங்கியுள்ளது. ஒருகாலத்திற் பல பத்து நிறுவனங்கள் ஈடுபட்டிருந்த இத்துறையில் இன்று சீகேற், வெசுட்டேண் டிஜிற்றல், தொசிபா என்னும் மூன்றே எஞ்சியுள்ளன. 2011ஆம் ஆண்டில் தாய்லாந்திற் பெருவெள்ளம் ஏற்பட்டபோது உலகெங்கும் வன்தட்டுகளுக்குத் தட்டுப்பாடு உண்டாகி விலை ஏறியமை இவ்வொடுக்கத்தின் ஆபத்தை உணர்த்திற்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. காந்தப் படலத்தின் நினைவு முடிவற்றதன்று. அது தெரிவு செய்யப்பட்ட ஒரு கால அளவினையுடையது. படலத்தை வடிவமைப்போர், எழுத்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குக் குலையாது நிற்க வேண்டும் எனக் கொண்டே மணியின் அளவையும் பதார்த்தத்தையும் தெரிவு செய்கின்றனர். சுழலும் தண்டும் பறக்கும் முனையும் பெரும்பாலும் அதற்கு முன்னரே தேய்ந்துவிடுகின்றன. அடர்த்தியைப் பெருக்கும் ஒவ்வொரு முயற்சியும் வெப்பத்தோடு செய்துகொள்ளும் ஒரு புதிய உடன்படிக்கையே, வெப்பம் தோற்கடிக்கப்படுவதில்லை.

இவ்வுண்மை எமக்கு அந்நியமானதன்று. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் மீளப் பெறமுடியாத ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தவை ஒரே இரவில் இல்லாமற் போயின. அவ்விழப்பின் நினைவோடு வளர்ந்த தலைமுறையினர் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணும் முயற்சியில் ஈடுபட்டனர். 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் அவற்றுள் முதன்மையானது. எண்ணிமமாக்கிவிட்டால் நூல் காக்கப்பட்டுவிட்டது என்னும் எண்ணம் எம்மிடையே பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் பிழையானது. படியெடுக்கப்பட்ட ஒவ்வொரு பக்கமும் இறுதியில் எங்கோ ஓரிடத்தில், சில நனோமீற்றர் அகல மணிகளில், வெப்பத்தின் இடைவிடாத தள்ளுகையை எதிர்த்து நிற்கும் ஓர் எழுத்தேயாகும்.

ஆகவே எண்ணிமக் காப்பகம் ஒன்றைப் பேணுதல் ஒருமுறை செய்து முடிக்கும் கருமம் அன்று. தட்டுகள் முதுமையடையுமுன் புதிய தட்டுகளுக்குப் பெயர்த்தெழுதுதல், வெவ்வேறு ஊர்களிற் பல பிரதிகளை வைத்தல், எழுத்துக் குலைந்துள்ளதா எனக் காலந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தல், இவற்றுக்கான நிதியையும் ஆட்பலத்தையும் ஆண்டுதோறும் ஒதுக்குதல் என்பன இன்றியமையாதன. ஏட்டுச்சுவடிகளைக் காத்த எமது முன்னோர் செய்ததும் இதுவே. அவர்கள் ஓலையை நம்பியிருந்தால் எமக்குக் கிடைத்த நூல்களும் கிடைத்திரா. பெயர்த்தெழுதும் கைகளையே அவர்கள் நம்பினர். காந்தப் படலத்தின் பௌதிகமும் எமக்குக் கூறுவது அதனையேயாம்.